பெட்டியில் மிச்சம் ஐம்பது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்கு எதுவும் இல்லை. முழங்கால் பரவாயில்லை. முட்டி போட்டுச் சுட உட்கார்ந்துவிடுகிறேன், எழுந்திருக்கத்தான் யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. உன் மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்பதைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். நாம் சுட்டு முடித்த இலக்கு அட்டைகளின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த குட்டி, இப்போது சம்பளம் வாங்குகிறாளா!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தோட்டா விற்கிற விலையில் இந்தத் துப்பாக்கி சுடும் ஆட்டம் இனி நமக்குக் கட்டுப்படியாகுமா, ரைபிளை விற்றுவிடட்டுமா, இல்லை கையிலிருப்பதைப் போட்டு ஒரேயடியாக வாங்கி அடுக்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். இரண்டாவதைச் செய்து சூடு கண்ட பூனை நான், அதனால் சொல்கிறேன்.

2020இல், தொற்றுக் காலத்தில், கடை அலமாரியெல்லாம் காலியானது ஞாபகம் இருக்கிறதல்லவா? எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. எங்கேயோ பாயின்ட் 22 தோட்டா, நம் ரைபிளுக்குப் போடுகிற அந்தச் சின்னத் தோட்டா, வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். ஐந்நூறு ஐந்நூறாக ஐந்து கட்டு, எல்லாம் ஒரே லாட், ஆலையில் ஒரே தடவையில் செய்த சரக்கு. என் ரைபிளில் ஐந்து சுட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும் என்கிற பாலபாடத்தை அன்றைக்கு மறந்தேன். நின்று யோசித்தால் பின்னால் நிற்கிறவன் வாங்கிவிடுவானே! வீட்டுக்கு வந்து, அடுத்த வாரம் ரேஞ்சுக்குப் போய் 50 மீட்டரில் சுட்டால், கட்டைவிரல் நகத்துக்குள் அடங்க வேண்டிய ஐந்து ஓட்டை தீப்பெட்டி அளவுக்குப் பரந்து கிடக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் லாட் மாறினால் குழலுக்குப் பிடிக்காமல் போகும் என்று நாமே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்! அந்த 2,500 தோட்டாவைச் சுட்டுத் தீர்க்க எனக்கு மூன்று வருடம் ஆனது. மூன்று வருடமும் என் பாயின்ட் குறைந்ததற்கு நான் காரணமா, தோட்டா காரணமா என்றே தெரியாமல் சுட்டேன். அதைவிட உறுத்துவது வேறு. நான் வாங்கி முடித்தபோது எனக்குப் பின்னால் நின்ற பையனுக்கு ஒரு பெட்டிகூட இல்லை. போட்டி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பற்றாக்குறையில் பாதி நம்மைப் போன்றவர்கள் உண்டாக்கியதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நூறு பேர் இருக்கிற கிளப்பில் மாதம் இரண்டு பெட்டி வாங்குகிறவன் பயந்து நான்கு வாங்கினால் போதும், ஆலையில் ஒரு இயந்திரம்கூட நிற்காமலே அலமாரி காலியாகிவிடும். காலி அலமாரியைப் பார்க்கிறவன் அடுத்த முறை எட்டு வாங்குவான்.

மீதிப் பாதி நம் கையில் இல்லை. பாயின்ட் 22 தோட்டாவுக்குத் தனியாகப் பிரைமர், அதாவது ஊசி தட்டியதும் பற்றி மருந்தைக் கொளுத்துகிற சின்ன மூடி, கிடையாது. எரிமருந்தை ஈரப்பசையாகக் கூட்டுக்குள் இட்டு, கூட்டைச் சுழற்றி, அடிவிளிம்பின் மடிப்புக்குள் போய் ஒட்டும்படி செய்கிறார்கள். அதற்கென்றே தனி வரிசை இயந்திரங்கள் வேண்டும். பிஸ்டல் தோட்டா செய்கிற வரிசையைத் திருப்பிவிட்டு இதைச் செய்ய முடியாது. இரண்டு வருடத்தில் அடங்கிவிடக்கூடிய பரபரப்பை நம்பி எந்த முதலாளி புது வரிசை போடுவான்? பெரிய தோட்டாக்களின் கதை இன்னும் மோசம். கூட்டுப் பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு. 2024 மே மாதம் செம்பு டன் 10,000 டாலரைத் தாண்டியது. ஈயத்தை இறுகவைக்கச் சேர்க்கிற ஆன்டிமனி இருக்கிறதே, அதன் சல்பைடு பிரைமருக்குள்ளும் போகிறது. அதன் ஏற்றுமதிக்கு 2024 செப்டம்பரில் சீனா கட்டுப்பாடு போட்டது. வெடிமருந்துக்கு அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ், பருத்திக்கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை நாரிலிருந்து வருகிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து அதற்குப் பீரங்கிக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். நம் பாயின்ட் 22 தோட்டாவுக்குள் இருக்கிற மருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. 155 மில்லிமீட்டர் பீரங்கியின் ஒரு வெடிக்குப் பல கிலோ. எடைக் கணக்கு போட்டால், அங்கே ஒரு முறை சுடுகிற மருந்து இங்கே பல பத்தாயிரம் தோட்டாவுக்குக் காணும். அந்த வரிசையில் நீயும் நானும் எந்த மூலை?

அதனால் விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டேன். எண்ணிக்கையைக் குறைத்தேன். முன்பு ரேஞ்சுக்குப் போனால் 150 தோட்டா சுடுவேன், இப்போது 30. முதல் மாதம் பிச்சைக்காரன் மாதிரி உணர்ந்தேன், அதை மறைப்பானேன்.

மிச்ச நேரத்துக்கு வீட்டில் டிரை ஃபயர், தோட்டா போடாமல் விசையை அழுத்திப் பழகுவது. நீ சிரிப்பாய் என்று தெரியும். புதிதாக வருகிற பசங்களுக்கு நாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, நாம் மட்டும் செய்யாமலிருந்த விஷயம். அதற்கென்று இப்போது ஒரு சடங்கே வைத்திருக்கிறேன். தோட்டாப் பெட்டி வேறு அறையில், பூட்டுக்குள். குழலின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காருகிற சேம்பரைக் கண்ணால் பார்க்கிறேன், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்கிறேன், பிறகு இன்னொரு தரம் கண்ணால் பார்க்கிறேன். குறி வைக்கிற சுவர் கெட்டியான வெளிச்சுவர், அதற்குப் பின்னால் ஆள் நடமாட்டம் கிடையாது. நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனால், திரும்பி வந்து முதலிலிருந்து எல்லாம். உன் பழைய ரைபிளில் இதைச் செய்வதற்கு முன் அதன் கையேட்டைப் பார். பாயின்ட் 22 ரைபிள்கள் சிலவற்றில் காலியாகச் சுட்டால் தோட்டாவைத் தட்டுகிற ஊசி சேம்பர் விளிம்பில் அடித்து வடு விழுந்துவிடும். அதற்கென்று மருந்தில்லாத டம்மித் தோட்டா விற்கிறது, அதைப் போட்டுக்கொள்.

சுவரில் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறேன். 50 மீட்டர் இலக்கின் கறுப்பு வட்டம் 112.4 மில்லிமீட்டர். என் அறையில் ஐந்து மீட்டர்தான் கிடைக்கிறது, பத்தில் ஒன்றாகச் சுருக்கி 11 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டினேன். முதல் நாள் சாயங்காலம் படுத்து, மூச்சை நிறுத்தி, விசையை அழுத்தினேன். 'டிக்' என்றது. அந்த 'டிக்'கில் முன்குறி வட்டத்தை விட்டு இடது கீழாகத் துள்ளியதைப் பார்த்தேன். மறுபடி அழுத்தினேன், மறுபடி துள்ளியது. இருபது தரம் அழுத்தியதில் பதினாலு தரம் துள்ளல். முப்பது வருடம் அந்தத் துள்ளலை வெடிச்சத்தத்துக்கும் உதைப்புக்கும் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு, குறியைத் திருகித் திருகிச் சரிசெய்திருக்கிறேன்! இடது கீழாக விழுகிறதே, காற்றாக இருக்கும், வெளிச்சமாக இருக்கும் என்று உன்னிடம் எத்தனை முறை அளந்திருப்பேன். நீ ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. நல்ல நண்பன்தான்.

பிஸ்டலில் இதைவிட மானக்கேடு. எங்கள் கிளப்பில் ஒரு பையன், இருபது வயதுதான் இருக்கும், "அண்ணே, மேகசினை நான் நிரப்பித் தரட்டுமா?" என்றான். தோட்டாக்களுக்கு நடுவே எனக்குத் தெரியாமல் இரண்டு டம்மி வைத்துவிட்டான். மூன்றாவது வெடிக்கவில்லை. வெடிக்காத அந்தக் கணத்தில் என் குழல்முனை வணக்கம் போடுவது போலக் கீழே குனிந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பையன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு பெட்டி முழுதும் சுட்டாலும் தெரியாத குறை இரண்டு டம்மியில் அம்பலமானது.

இப்போது முறை இப்படி: ஐந்து டிரை, ஒரு நிஜத் தோட்டா. சுட்டதும் தொலைநோக்கியில் கண்ணை வைக்கக் கூடாது. எங்கே விழுந்தது என்று முதலில் நானே சொல்லி நோட்டில் எழுத வேண்டும், பிறகுதான் பார்க்க வேண்டும். சொன்னதும் விழுந்ததும் ஒன்றாக இருந்தால் அந்தத் தோட்டாவின் காசு வீண் இல்லை, எட்டாம் வட்டத்தில் விழுந்திருந்தாலும் சரி. பாயின்ட் மளமளவென்று ஏறிவிட்டதா என்று கேட்காதே. ஏறவில்லை. 150 சுட்டபோது எடுத்ததையே 30 சுட்டு எடுக்கிறேன், அவ்வளவுதான்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸை நாம் வாய் பிளந்து பார்த்தோமே, அமெரிக்க ரைபிள் வீரர் மேத்யூ எம்மன்ஸ்! கடைசித் தோட்டாவுக்கு முன் மூன்று பாயின்ட் முன்னணியில் இருந்த மனிதர், பக்கத்து ஆளின் இலக்கில் சுட்டு, பூஜ்யம் வாங்கி எட்டாவது இடத்துக்குப் போனார். 2008இல் பெய்ஜிங்கில் மறுபடி கடைசித் தோட்டா. விரல் முந்திக்கொண்டது, கிடைத்தது 4.4 பாயின்ட்தான். முப்பதில் முதலாவதை எடுக்கும்போதெல்லாம் அவர் முகம் ஞாபகம் வருகிறது. முன்பு வராது, பெட்டி நிறைய இருந்ததே.

காற்றழுத்தத்தில் சுடுகிற ஏர் ரைபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சின்னப் பசங்க சாமான்" என்று நாம் கிண்டல் செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 1984இலிருந்து ஒலிம்பிக்ஸில் இருக்கிற ஆட்டம், 10 மீட்டரில் பத்தாம் வட்டம் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி, இதை எந்த வாயால் கிண்டல் செய்தோமோ! அதில் போடுகிற பெல்லட் என்கிற சின்னக் குண்டு மெதுவாகப் போகிறது, பாயின்ட் 22இன் வேகத்தில் பாதிதான். அது குழலை விட்டு வெளியேறும் வரை உடம்பு அசையாமல் இருக்க வேண்டும். விசை அழுத்தியதும் தலையைத் தூக்கிப் பார்க்கிற உன் வியாதிக்கு இதுதான் மருந்து. ஒரு டப்பாவில் 500 பெல்லட், விலையோ பாயின்ட் 22க்கு முன்னால் தூசு. பெல்லட்டும் ஈயம்தான், சுட்டு முடித்ததும் கையைக் கழுவு. அனுமதி விஷயத்தில் ஏர் ரைபிளுக்கும் இடத்துக்கு இடம் சட்டம் வேறு, கேட்டுக்கொண்டு வாங்கு.

காலிக்கூட்டை மறுபடி நிரப்பிக்கொள்ளலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தாய். பாயின்ட் 22க்கு அந்தப் பேச்சே இல்லை, அடிபட்ட விளிம்பு அடிபட்டதுதான். பெரிய ரைபிளுக்குச் சட்டம் இடம் கொடுத்தால் செய்யலாம். ஆனால் முதலில் தட்டுப்பாடாவதே பிரைமர்தான். அந்த வேலையில் உனக்கு ருசி இருந்தால் மட்டும் இறங்கு, காசு மிச்சம் பிடிக்க என்றால் வேண்டாம். மிச்சமான காசுக்கும் சேர்த்துச் சுட்டுவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு. அடுத்தவன் நிரப்பிய தோட்டாவை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதே.

மலிவு என்றதும் என் இன்னொரு புத்திசாலித்தனம். யாரோ பழைய ராணுவத் தோட்டா என்று கால் விலைக்குக் கொடுத்தார்கள். சுடத்தான் செய்தது, நன்றாகவே சுட்டது. வழக்கம்போல எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் உள்ளே செம்மண் பூசியது போல் இருக்கிறது. அந்தக் காலப் பிரைமரில் குளோரேட் இருக்கும், சுட்டபின் உப்பாகக் குழலில் தங்கி ஈரத்தை இழுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, வெந்நீர் விட்டுக் கழுவிக் காயவைத்த பிறகுதான் எண்ணெய். தோட்டாவில் மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு குழலுக்குக் கொடுத்தேன்.

ஆக, உனக்கு நான் சொல்வது இதுதான். இந்த வருடம் எத்தனை போட்டி என்று எண்ணு. அதற்கும், ரேஞ்சுக்குப் போகிற நாளுக்கு முப்பது வீதத்துக்கும் மட்டும் வாங்கு. மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, ஆளுக்குப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்து, எந்த லாட் யாருக்குப் பிடிக்கிறதோ அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டி மேல் தேதி எழுதி, பழையதை முதலில் எடு. வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பல பத்தாண்டுக்கும் ஒன்றும் ஆகாது. வெடிக்காத தோட்டா வந்தால் அவசரப்பட்டு போல்ட்டைத் திறக்காதே, குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் எண்ணு. நீ பொறுமையில்லாதவன், அதனால் எழுதுகிறேன்.

ரைபிளை விற்பது பற்றி இனி எழுதாதே. அந்தக் கட்டையில் உன் கன்னம் பட்டுப் பட்டு வார்னிஷ் போன இடம் எனக்குக்கூடத் தெரியும்.

அலமாரியைத் துடைத்தபோது ஒரு பெட்டி கிடைத்தது. நம் இரண்டு பேர் ரைபிளுக்கும் ஒத்துப்போன அந்தப் பழைய லாட். மூடியில் உன் கையெழுத்தில் தேதி. எண்ணிப் பார்த்தேன், சரியாக ஐம்பது. நான் தொடவில்லை. அடுத்த மாதம் கிளம்பி வா. ஆளுக்கு இருபத்தைந்து, 50 மீட்டர், படுத்துச் சுடுவது. தோற்றவன் இரண்டு ரைபிளையும் துடைக்க வேண்டும், எழுந்திருக்க எனக்குக் கை கொடுக்கிற வேலை எப்படியும் உனக்குத்தான்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து லேன்காரன்