கணுக்களில் பரவினாலும் வழி உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களை, அதாவது நோயெதிர்ப்புக்கு உதவும் சிறு முடிச்சுகளை, எட்டிவிட்டது என்று கேட்டதுமே, இனி அறுவைச் சிகிச்சைக்கு இடமில்லை என்று குடும்பங்கள் மனம் தளர்ந்துவிடுகின்றன. என் தந்தையின் விஷயத்தில் நாங்களும் அப்படித்தான் தளர்ந்தோம். உண்மையில், நோய் இடுப்புக்கு அப்பால் செல்லாத, உடல் தாங்கக்கூடிய நோயாளிகளுக்கு முதலில் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து அடங்கிய கீமோதெரபி தந்து, நோய் சுருங்கியிருப்பதை ஸ்கேனில் பார்த்த பின், சிறுநீர்ப்பையையும் கணுக்களையும் அகற்றுவது நெடுநாளாகக் கையாளப்படும் முறை. இவர்களில் ஒரு பகுதியினர் ஐந்து ஆண்டுகளைக் கடந்தும் நோயின்றி வாழ்கிறார்கள். கணுக்களை இடுப்பிலிருந்து மேலே எவ்வளவு உயரம் வரை எடுப்பது என்ற நீண்ட விவாதத்தில், 2024-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு, வழக்கமான எல்லையைத் தாண்டுவதால் ஆயுள் கூடவில்லை, சிக்கல்களே கூடின என்று காட்டியது.

அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதே என் மனக்குறை. என் தந்தைக்குச் சிறுகுடலின் ஒரு துண்டால் அமைத்த பாதை வழியாகச் சிறுநீர் வயிற்றில் இட்ட துளைக்கு வந்து, அதன் மேல் ஒட்டிய பையில் சேரும். அந்தப் பையின் ஒட்டுத்தகட்டைத் துளையின் அளவுக்குச் சரியாக வெட்டத் தெரியாததால், சிறுநீர் கசிந்து தோல் புண்ணாகி, முதல் மாதம் முழுவதும் என் தந்தை உறங்கவே இல்லை. மருத்துவமனைகள் அறுவைக்கு முன்பே நோயாளியையும் குடும்பத்தில் ஒருவரையும் உட்காரவைத்து இந்தப் பயிற்சியைக் கட்டாயம் அளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்