நவம்பர் குழலிசை விழா: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நவம்பர் இரண்டாவது ஞாயிறு அன்று நம் தமிழ் வகுப்பு இருக்காது. அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் எல்லோரையும் ஜப்பானியக் குழலிசை விழாவுக்கு அழைத்துப் போகிறோம். காலையில் பழைய இசை, மதியம் புது இசை, நடுவில் பிள்ளைகள் தாங்களே ஊதிப் பார்க்க ஒரு மணி நேரம். இடம், ரயில் விவரம் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன்.

"வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் தமிழ், அதையும் விடலாமா?" என்று சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் இங்கே டோக்கியோவின் நிஷிகசாயிலேயே வளர்கிறார்கள். வீட்டுச் சங்கதி பேச அவர்களிடம் தமிழ் இருக்கிறது. வாசலைத் தாண்டிப் பார்த்ததைச் சொல்லச் சொன்னால் அடுத்த நொடியே ஜப்பானிய மொழிக்குப் போய்விடுகிறார்கள். இங்கே கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் அவர்கள் தமிழில் சொல்லிப் பழக வேண்டும் என்பதுதான் என் ஆசை. மூங்கில், கணு, துளை, மூச்சு, கமகம் என்று ஒரு குழலைப் பற்றிப் பேச எத்தனை சொற்கள் நம்மிடம் இருக்கின்றன!

விழாவின் நாயகன் ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல். பெயரே அதன் அளவுதான்: பழைய ஜப்பானிய நீள அளவில் ஒரு ஷாகு, எட்டு சுன். நம் கணக்கில் சுமார் 54.5 சென்டிமீட்டர். நம் புல்லாங்குழலைப் போலப் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. நேராகப் பிடித்து மேல்நுனியின் விளிம்பில் ஊதுவார்கள். தடித்த மூங்கிலை வேரோடு தோண்டியெடுத்துச் செய்வதால் அடிப்பக்கம் பருத்து, வேர் வெட்டிய தழும்புகளோடு இருக்கும். முன்னால் நான்கு துளை, பின்னால் ஒன்று. அவ்வளவுதான். பாட்டு கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு சேதி: அந்த ஐந்து துளைகளை வரிசையாகத் திறந்தால் வருவது ச க ம ப நி, அதாவது நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்கள். அப்புறம் கலைஞர் துளையைப் பாதி மூடி, தலையைத் தாழ்த்தியும் நிமிர்த்தியும் மற்ற சுரங்களை எல்லாம் கொண்டுவருவார். "தலையாட்டக் கற்க மூன்று வருடம்" என்று இங்கே ஒரு வழக்கே உண்டு.

காலை நிகழ்ச்சியைப் பற்றிப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். முதலாவது, அதில் வரும் ஷாகுஹாச்சி இசைக்குத் தாளம் இருக்காது. மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் சோர்ந்துபோவார்கள். ஒரு மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறதோ அதுவே அங்கே அளவு. ஆலாபனை கேட்பதுபோலக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது, காற்றுச் சத்தம். புல்லாங்குழல் வகுப்பில் "காற்று வருது, உதட்டைச் சரி பண்ணு" என்று திட்டு வாங்கும் அதே சத்தத்தை இவர்கள் வேண்டுமென்றே, புயல்போல, வரவழைப்பார்கள். யாராவது சிரித்துவிட்டால் பக்கத்துப் பிள்ளைக்கும் தொற்றிக்கொள்ளும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

இந்த இசை மேடைக்காகப் பிறந்ததல்ல. எடோ காலத்தில் (1603–1868) ஃபுகே என்ற ஜென் பௌத்தப் பிரிவின் துறவிகள் முகம் மறையும்படி கூடை போன்ற தொப்பி அணிந்து, தெருத்தெருவாக இதை ஊதிக்கொண்டே பிச்சை எடுத்தார்கள். ஊதுவதே அவர்களுக்குத் தியானம். அதற்கு அடுத்து வந்த மெய்ஜி அரசு 1871-இல் அந்தப் பிரிவையே கலைத்துவிட்டது. அதற்குப் பிறகும் இந்தப் பாடங்கள் குருவிடமிருந்து சீடருக்குப் போய்ப் பிழைத்திருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. கொக்குகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதைச் சொல்லும் 'த்சுரு நோ சுகோமோரி' என்ற பழைய உருப்படியும் நிகழ்ச்சியில் இருக்கிறது. சிறகடிப்பைக் குழலிலேயே கேட்கலாம். யமகுச்சி கோரோ வாசித்த அதன் பதிவு 1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு விண்வெளிக்குப் போனது. விண்வெளி மேல் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

காலையில் கசாய் பாயாஷியும் உண்டு. நம் பேட்டையின் பெயர் தாங்கிய கோயில் திருவிழா மேளம்! ஒரு குழல், இரண்டு சின்ன மேளம், ஒரு பெரிய மேளம், ஒரு வெண்கலத் தட்டு என்று ஐந்து பேர். குழல் இங்கே ஷாகுஹாச்சி அல்ல, பக்கவாட்டில் பிடிக்கும் ஷினோபுயே. தாளத்துக்கு ஏங்கும் பிள்ளைகள் இதில் துள்ளிவிடுவார்கள்.

மதிய நிகழ்ச்சிக்கு முன்பே கிளம்பிவிடலாமா என்று கேட்காதீர்கள். தயவுசெய்து இருங்கள். புது இசை என்றால் பழையதைத் தூக்கிப் போட்டது என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது. புத்தாண்டு சமயத்தில் இங்கே கடைகளில் எல்லாம் ஒலிக்கிறதே, அந்த 'ஹாரு நோ உமி', மியாகி மிச்சியோ 1929-இல் கோட்டோ என்ற நரம்பிசைக் கருவிக்கும் ஷாகுஹாச்சிக்கும் எழுதியது. பழசு என்று நாம் நினைப்பது அன்று புதுசு. 1967-இல் இசையமைப்பாளர் தகெமிட்சு தோரு நியூயார்க் பில்ஹார்மோனிக்குக்காக எழுதியபோது ஷாகுஹாச்சியையும் பிவா என்ற நரம்பிசைக் கருவியையும் பெரிய இசைக்குழுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். குழலை வாசித்தவர் யோகோயாமா கட்சுயா. அந்த வழியில் வந்த இன்றைய இசையமைப்பாளர்களின் உருப்படிகளைத்தான் மதியம் கேட்கப்போகிறோம். சில இடம் கரடுமுரடாக இருக்கும். பரவாயில்லை, பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று பிள்ளை தமிழில் சொல்லட்டும். அதுவும் எனக்கு வேண்டும்.

ஊதிப் பார்க்கும் நேரத்தில் பிளாஸ்டிக் குழல் கொடுப்பார்கள். முதல் நாளே சத்தம் வருவது அரிது. எனக்கு முதல் 'ரோ', அதாவது எல்லாத் துளையும் மூடிய அடிச் சுரம், வர இரண்டு வாரம் ஆனது. ஆகவே வராத பிள்ளையை வந்த பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். தலை சுற்றினால் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் பற்றி எனக்கு முன்பே தெரிவியுங்கள்.

அரங்கினுள் சாப்பிட அனுமதி இல்லை. தயிர்சாதமோ ஓனிகிரி என்ற சோற்று உருண்டையோ கட்டிக் கொடுத்தால் வெளியே உட்கார்ந்து சாப்பிடுவோம். முறுக்கு வேண்டாம், இடைவேளையில் கடித்தால்கூட உள்ளே கேட்கும். போன்கள் அணைத்தே இருக்கட்டும், பெற்றோருடையதும் சேர்த்து. மூன்றாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுடன் வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும். அடுத்த வார வகுப்புக்கு ஒவ்வொரு பிள்ளையும் கேட்டதைப் பற்றி அரைப் பக்கம் தமிழில் எழுதி வரட்டும். எழுத்துப் பிழையை நீங்கள் திருத்த வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒப்புதல் சீட்டை இந்த ஞாயிற்றுக்குள் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு பிள்ளைகள் சீக்கிரம் தூங்கட்டும், காலை 8.30-க்கு நிலைய வாசலில் சந்திப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்