வி.ஆர். சிமுலேட்டர் பயிற்சி: கிளாஸ் 1 கேவிட்டி

அனைவருக்கும் வணக்கம். வி.ஆர். (மெய்நிகர்) பல் சிமுலேட்டரில் அடுத்த பயிற்சி கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லில். வெட்ட வேண்டியது கிளாஸ் 1 கேவிட்டி, அதாவது நிரப்புவதற்காக அதன் மெல்லும் பரப்பில் வெட்டும் குழி.

ஹெட்செட் மாட்டியதும் கண்மணிகளுக்கு இடையேயான தூரத்தை உங்களுக்கேற்பச் சரிசெய்யுங்கள். இதை விட்டால் பல் இரட்டையாகத் தெரியும், தலை வலிக்கும். அதைவிட மோசம், ஆழக் கணிப்பே தப்பிவிடும்.

அமால்கத்துக்கு (பல்லை நிரப்பும் உலோகக் கலவை) ஆழம் 1.5 முதல் 2 மி.மீ. குழியின் தளம், கடினமான வெளி அடுக்கான எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினுக்குள் சுமார் 0.5 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். எனாமலைத் தாண்டியதும் கையில் உணரும் எதிர்ப்பு சட்டெனக் குறையும். இந்தக் கருவியின் அருமையே அதுதான். ஸ்டைலஸை (துளைக்கருவிக்குப் பதிலாகக் கையில் பிடிக்கும் கோல்) இறுக்கிப் பிடித்தால் விரலுக்கு அது எட்டாது. பேனா பிடிப்பில் மோதிர விரலை ஊன்றிக்கொள்ளுங்கள். ஊன்றாமல் அந்தரத்தில் வெட்டினால் கேவிட்டியின் ஓரம் அலை அலையாக வரும்.

அழுத்திக் குடைய வேண்டாம். ஸ்டைலஸுக்கு மோட்டார் தரும் எதிர்விசைக்கு உச்சவரம்பு உண்டு. அதை மீறினால் பர் (துளைக்கும் முனை) எனாமலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். நிஜப் பல் அப்படி விடாது, கை மட்டும் தப்பாகப் பழகிவிடும்.

ஸ்கோர் பெரும்பாலும் வெட்டிய அளவைத்தான் சொல்லும். முதுகு வளைவதையும் வாய்க் கண்ணாடியை மறந்துவிடுவதையும் ஆசிரியர் பக்கத்தில் நின்றுதான் திருத்த வேண்டும். நிஜமான தண்ணீர்த் தெளிப்பும் சூடும் இதில் கிடையாது. அதனால் அதே வாரத்தில் அதே கேவிட்டியை டைப்போடான்ட் (பயிற்சிக்கான செயற்கைப் பல்வரிசை) பல்லிலும் வெட்டிக் காட்டுங்கள்.