‘சேமிக்கவா?’ என்று கேட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாராவி 90 அடி சாலைக்குப் பக்கத்துச் சந்தில் 19 ஆண்டுகளாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு.

போன ஆவணியில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தார். மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து இரு வீட்டுப் பெயர்களையும் சொன்னார். யார் பெயர் முன்னால் வரவேண்டும் என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு மாற்றினோம். புரூஃப் எடுக்கும் நேரத்தில் ஒரு பையன் பென் டிரைவோடு ஓடிவந்தான், அவசர பிரிண்ட். எடுத்துக் கொடுத்துவிட்டு அவன் கோப்பை மூடினேன். ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்றது, ‘வேண்டாம்’ என்றேன். கை அதே வேகத்தில் பத்திரிகையையும் மூடியது. அதே கேள்வி, அதே ‘வேண்டாம்’. அவ்வளவும் போய்விட்டது.

இடையில் சேமிக்காதது என் தவறுதான். ஆனால் என் விரலுக்கு ‘வேண்டாம்’ என்று பழக்கியது யார்? பிரிண்ட் எடுப்பதற்காகப் பேப்பர் அளவை மாற்றினால்கூட அந்த மென்பொருள் இதே கேள்வியைக் கேட்கிறது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. இதில் எதை நின்று படிப்பது? ஆப்பிளில் மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின் இதைத்தான் சொன்னார்: அடிக்கடி கேட்கும் கேள்விக்குக் கை தானாகவே பதில் சொல்லப் பழகிவிடும், செய்ததைத் திரும்பப் பெறும் வழிதான் தேவை.

அந்த வழி இப்போது இருக்கிறது. கூகுள் டாக்ஸ் அடிக்க அடிக்கத் தானே சேமிக்கிறது. விண்டோஸ் 11-இன் நோட்பேடு கேட்காமலே மூடுகிறது, திறந்தால் எழுதியது அப்படியே இருக்கிறது. ஜிமெயிலில் அனுப்பிய கடிதத்தை 30 விநாடி வரை நிறுத்தலாம். எல்லா மென்பொருளிலும் இப்படி இருக்கவேண்டும்.

ஆனால் கடையில் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் அடித்த விண்ணப்பம் தானாகச் சேமிக்கப்பட்டு அப்படியே இருந்துவிட்டால் அடுத்து உட்காருபவர் கண்ணில் பட்டுவிடும். பொதுக் கணினி என்றால் அழித்துவிடவும் எளிய வழி வேண்டும்.

அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். நினைவிலிருந்து சொன்னார், அடித்தோம். 400 பத்திரிகை அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது, பெண்ணின் தாய்மாமன் பெயர் இல்லை. என் செலவில் மறுபடி அச்சடித்தேன். ஆனால் முதல் பத்திரிகை அதற்குள் அந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டது. அந்த மனத்தாங்கலை நான் எப்படித் தீர்ப்பேன்?

மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கேட்டே ஆகவேண்டும் என்றால், ‘இந்தப் பத்திரிகையில் மூன்று மணி நேர வேலை இன்னும் சேமிக்கப்படவில்லை’ என்று நிறுத்திக் கேளுங்கள். பிரிண்ட் மட்டும் எடுத்த கோப்புக்கு அந்தக் கேள்வியே வேண்டாம்.

இப்படிக்கு,
டிடிபி தொழில் செய்யும் ஒரு வாசகர்,
தாராவி, மும்பை-17