நான்காம் இடத்துக்காக ஒரு கடிதம்

அன்புள்ள பால் எல்வ்ஸ்ட்ரோம் ஐயா,

நீங்கள் 2016 டிசம்பரில், 88 வயதில் போய்ச் சேர்ந்தீர்கள். ஆனாலும் டிங்கி என்கிற சின்னப் பாய்மரப் படகை ஓட்டுகிறவர்கள் கூடும் இடத்தில் உங்கள் பேச்சு வராமல் இருப்பதில்லை. பேச்சு வந்தால் முதலில் எண்ணுவது தங்கப் பதக்கங்களைத்தான். 1948, 1952, 1956, 1960 என்று அடுத்தடுத்து நான்கு ஒலிம்பிக்கில் தனியாளாகத் தங்கம் வாங்கிய முதல் வீரர் நீங்கள். டென்மார்க் உங்களை நூற்றாண்டின் விளையாட்டு வீரர் என்றது. சரி, அதெல்லாம் ஊரறிந்த கதை.

எனக்குப் பிடித்தது 1948-இன் முதல் பந்தயம். இங்கிலாந்தின் டார்கீ கடற்கரை, உங்களுக்கு 20 வயது. இன்னொரு படகுக்காரர் ஆட்சேபம் சொல்லிக் கத்தியதும் பந்தயத்தை விட்டே விலகிவிட்டீர்கள். அவ்வளவு கூச்சம். அப்படித் தொடங்கியவர் மிச்சப் பந்தயங்களில் மீண்டு தங்கத்தோடு திரும்பினார் என்பதை இன்று படித்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. யாரோ கத்தியதற்காக ஒதுங்கிய அந்தப் பையன்தான் பிற்பாடு பந்தய விதிகளை உலகத்துக்கே விளக்கிப் புத்தகம் எழுதினார்! அதோடு குட்டிக் குட்டி பிளாஸ்டிக் படகுகளும் வரும். அவற்றை மேசைமேல் நகர்த்தி, யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று காட்டலாம். விதி தெரியாததால் இனி ஒருவரும் ஒதுங்கிப்போகக் கூடாது என்று நினைத்துத்தான் எழுதினீர்களோ என்று எனக்குத் தோன்றும்.

காற்று பலமாக அடிக்கும்போது படகு சாயாமலிருக்க, விளிம்பில் உட்கார்ந்து பாதத்தைப் படகுக்குள் கட்டிய பட்டைக்கு அடியில் மாட்டி, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேலே வெளியே சாய்க்கிறோம். அந்தப் பட்டையை டிங்கிகளில் பரப்பியதில் உங்கள் பங்கு பெரிது. அப்படிச் சாய்ந்து கிடக்கத் தொடை வலு வேண்டுமே என்று வீட்டிலேயே பெஞ்சு அமைத்துப் பயிற்சி செய்தீர்கள். படகோட்டிகள் பலரும் உடற்பயிற்சியைப் பற்றி யோசிக்காத காலம் அது.

அப்புறம் உங்கள் பெய்லர். படகின் அடியில் ஒரு சின்ன உலோக வாய். வேகம் பிடித்ததும் அதைக் கீழே தள்ளித் திறந்தால், ஓடுகிற ஓட்டமே உள்ளே தேங்கிய தண்ணீரை உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். வேகம் குறைந்தால் உடனே மூட வேண்டும், இல்லாவிட்டால் கடல் உள்ளே வரும். கணுக்கால் வரை நின்ற தண்ணீர் சர்ரென்று இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் உங்களை மனதாரக் கும்பிடுகிறேன்.

இவ்வளவு உழைப்புக்கு விலையும் கொடுத்தீர்கள். 1960-இல் நேப்பிள்ஸில் தங்கம் முன்பே உறுதியாகிவிட்டது. ஆனால் மன அழுத்தம் உடம்பை முறித்துப்போட்டதால் கடைசிப் பந்தயத்துக்கு உங்களால் இறங்கவே முடியவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு இப்படியா என்று மனசு கனத்துப்போகும்.

அதனால்தான் 1984 எனக்கு உசத்தி. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக், உங்களுக்கு 56 வயது. டொர்னாடோ என்பது இரண்டு உடல் கொண்ட, சீறிப் பாய்கிற படகு. இளவட்டங்களே மூச்சுத் திணறும். சுக்கான் உங்கள் கையில். கூட வந்தது உங்கள் மகள் ட்ரினே. நான்காம் இடம். வெண்கலம் தவறியது. உங்கள் நான்கு தங்கத்தையும் ஒரு தட்டிலும் இந்த நான்காம் இடத்தை மறு தட்டிலும் வைத்தால், நான் இந்தப் பக்கம்தான் நிற்பேன். பெற்ற மகளோடு ஒரே படகில் ஒலிம்பிக் ஓடுவது எத்தனை அப்பாக்களுக்கு வாய்க்கும்?

அதோடும் விடவில்லை நீங்கள். 1988-இல், 60 வயதில், அதே மகளோடு அதே டொர்னாடோவில் கொரியாவின் பூசானுக்கும் போய்ப் பந்தயத்தில் இறங்கினீர்கள். அது உங்கள் எட்டாவது ஒலிம்பிக்.

அன்புடன்,
ஒரு டிங்கிக்காரன்