முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். 1996-இல் விமானம் விழுந்து காட்டில் மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடக் கால்பந்துப் பெண்கள், 2021-இல் பெரியவர்களாகிவிட்ட அதே பெண்கள் என்று மாறிமாறி ஓடுமே, அந்த ‘எல்லோஜாக்கெட்ஸ்’ தொடரின் மூன்றாவது சீசனையும் பார்த்து முடித்துவிட்டேன். சொல்ல நிறைய இருக்கிறது. போன் செய்தால் “அப்புறம் பேசறேன்பா” என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

“முதல் சீசனோட அந்தக் கதை செத்துப்போச்சு, மேல பார்க்காதீங்க” என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். கதையை எடைபோடுவதில் உன் கண் தனி. பணம் கேட்டு மிரட்டுவது ஷானாவின் புருஷனாகத்தான் இருக்கும் என்று ஆரம்பத்திலேயே சொன்னவள் நீ. அம்மாவிடம் அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீ சொன்னது பாதிதான் சரி. பாதி பார்த்தவள் பாதி தீர்ப்புத்தானே சொல்லமுடியும்?

செத்துப்போனது 2021 பக்கம். 1996 பக்கம் சாகவில்லை. அந்தக் காட்டையும், அங்கே மாட்டிக்கொண்ட பிள்ளைகளையும் பார்க்கும்போது எனக்கு இன்னும் தூக்கம் போகிறது. இரண்டு காலத்தில் ஓடுகிற மர்மக் கதையில் ஒரு தொல்லை இருக்கிறது, பாப்பா. முதல் சீசனில் பெரியவர்களாக நாம் பார்த்தது ஷானா, டைசா, நாட்டலி, மிஸ்டி, இந்த நாலு பேரைத்தான் முக்கியமாக. மற்றவர்கள் கதி என்ன என்று தெரியாது. அதனால் காட்டில் ஒருத்தி இருமினாலும் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் லாட்டி உயிரோடு இருக்கிறாள் என்றார்கள், அடுத்து வேன் வந்தாள், மூன்றாவதில் இன்னொருத்தி, பெயர் சொல்லமாட்டேன். ஒவ்வொருத்தியும் நிகழ்காலத்துக்குள் வந்து நிற்கும்போது காட்டில் அவளைப் பற்றி இருந்த பயம் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட நிகழ்காலத்தில் ஒவ்வொருத்தியாகக் கொல்கிறார்கள். நாட்டலி விஷயம் உன் காதுக்கு வந்திருக்கும். பெரிய நாட்டலியாக நடித்த ஜூலியட் லூயிஸ் இல்லாத 2021-இல் எனக்கு மனசு ஒட்டவே இல்லை. இருபத்தைந்து வருஷம் ஒரு ரகசியத்தைச் சுமந்த முகம் அது. அதை அனுப்பிவிட்டுப் புதுப்புதுக் கொலை, புதுப்புதுப் பொய் என்று ஓடுகிறார்கள்.

‘டார்க்’ என்ற ஜெர்மன் தொடர் நினைவிருக்கிறதா? மூன்றே சீசன், 26 எபிசோடு. 1953, 1986, 2019 என்று 33 வருஷக் கணக்கு. எங்கே போய் முடிக்கவேண்டும் என்று தெரிந்து எழுதினார்கள், ஒரு முடிச்சும் வீணாகவில்லை. கதையில் உலகம் அழிகிற அதே 2020 ஜூன் 27-ஆம் தேதி கடைசி சீசனை வெளியிட்டார்களே, அந்தத் திடம் இவர்களிடம் இல்லை. ஐந்து சீசன் என்று ஆரம்பித்து இப்போது நான்கோடு முடிக்கிறார்களாம். நடுவில் 2023-இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் வேறு. இரண்டாவது சீசனுக்கும் மூன்றாவதுக்கும் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் போய்விட்டது. காட்டில் கழிந்ததோ சில மாதம்தான், அந்தப் பிள்ளைகள் முகம் அதற்குள் முதிர்ந்துவிட்டது.

இத்தனை குறை சொன்னாலும் விட்ட இடத்திலிருந்து பார் என்றுதான் சொல்வேன். மூன்றாவது சீசனில், அவர்களோடு காட்டில் மாட்டிக்கொண்ட அந்தக் கோச்சை மரங்களுக்கு நடுவே நிறுத்தி விசாரிக்கிற எபிசோடு இருக்கிறது. எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒவ்வொருத்தியும் கை தூக்கும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். முதல் எபிசோடில் பனியில் ஓடிக் குழியில் விழுகிற பெண் யார் என்பதும் இந்த சீசன் கடைசியில் தெரிகிறது. 2021-இல் கேட்ட கேள்விக்கு 2025-இல் பதில். சொல்லமாட்டேன், நீயே பார். அந்தக் கடைசி எபிசோடில் நாட்டலி மலை உச்சிக்குப் போவதையும் பார்.

நீ நிறுத்தியது இரண்டாவது சீசன் இரண்டாவது எபிசோடில். ஷானாவின் தோழி ஜாக்கி செத்தபிறகு அவள் உடலை அவர்கள் தின்றதைப் பார்த்துத்தான் நிறுத்தினாய் என்று அம்மா சொல்கிறாள். ரத்தத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நீ. அதனால்தான் நான் திரும்பப் போய் முதல் சீசன் கடைசி எபிசோடை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஷானாவும் ஜாக்கியும் சின்ன வயசிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஷானாவின் டைரியில் இருந்த ஒரு விஷயத்துக்குச் சண்டை. ஷானா வெளியே போ என்றாள், ஜாக்கி வீம்புக்குப் போனாள். நெருப்பு மூட்டத் தெரியாமல் தனியே தடுமாறுகிறாள். ராத்திரி பனி கொட்டுகிறது. சாகும்போது அவளுக்கு வருகிற கனவில் ஷானா வந்து உள்ளே கூப்பிடுகிறாள், சூடாகச் சாக்லேட் கொடுக்கிறாள். அந்தக் கதையில் எத்தனையோ கொடுமை இருக்கிறது, இதைப்போல எதுவும் இல்லை. யாரும் யாரையும் கொல்லவில்லை. போய் ஒரு வார்த்தை கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் பெரியவளான ஷானா, ஜாக்கியின் பிறந்தநாளன்று அவளைப் பெற்றவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். மெலனி லின்ஸ்கி அந்தக் காட்சியில் முகத்தை எப்படி வைத்திருக்கிறார் பார். 2021 பக்கத்தில் எனக்குப் பிடித்தது அதுதான், அதற்கு மேல் எதுவும் அவர்களால் எழுதமுடியவில்லை.

சரி, வேறென்ன. மேலத்தெரு அம்மாவைக் கோயிலில் பார்த்தோம். “ரெண்டு பேரும் இப்ப ஒரே வீட்டுல இல்லையாமே” என்றார்கள். ஆபீஸ் தூரம், அதனால்தான் வேறு வீடு என்று சொல்லிவிட்டேன். அவர்களும் தலையாட்டிவிட்டார்கள். உன்னைப் பற்றிக் கேட்கும்போது அவர்கள் குரல் எப்போதும்போல் பிரியமாகத்தான் இருந்தது. யுகேஜியிலிருந்து நம் வீட்டுத் திண்ணையில் ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள். நீ எதுவும் சொல்லவேண்டாம். உன் வயசில் எனக்கே எல்லாவற்றையும் வீட்டில் சொல்லும் பழக்கம் இல்லை. ஆனால் ஒரு மாதமாக அம்மா உனக்கு அனுப்புகிற பார்சலில் அவர்கள் மகளுக்கும் பங்கு வைத்துக் கட்டுகிறாள், பழக்கம். இந்தத் தடவையும் முறுக்கை இரண்டு டப்பாவாகப் போட்டிருக்கிறாள், ஒன்றைக் கொண்டுபோய்க் கொடு. வாசலில் கொடுத்துவிட்டு வந்தாலும் போதும்.

கதையையும் விட்டுவிடாதே. இரண்டாவது சீசன் நடுவில் தொய்யும், பொறுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஒரு எபிசோடு பார்த்துவிட்டுக் கூப்பிடு, முன்போல் பேசுவோம். எனக்கு மறுபடி பார்ப்பதில் சிரமம் இல்லை.

பார்சல் வந்ததும் ஒரு வரி போடு. மேலத்தெரு அம்மா அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார்கள், அவர்களிடம் நான் என்ன சொல்லட்டும் என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா