பயந்த பிள்ளைக்குப் படுக்கை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கார்ட்டூன்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். போனும் கையுமாகக் கிடக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கட்டுரையாளர் புலம்பியிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கதாநாயகனே பயந்து நடுங்கும் கார்ட்டூன்களைப் பார்க்கிற பிள்ளைகள் கோழையாகத்தான் வளரும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதை அப்படியே விட மனசில்லை. அவர் எந்தத் தொடரை மனதில் வைத்து எழுதினாரோ, நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’. நீல நிற ஆட்கள் வரும் ஜேம்ஸ் காமரூன் படம் இல்லை. அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் 2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக வந்த அனிமேஷன் தொடர். நீர், நிலம், நெருப்பு, காற்று என்று ஆளுக்கொரு பூதத்தை வசப்படுத்தத் தெரிந்த ஜனங்களின் கதை. நெருப்பு நாட்டு அரசன் உலகத்தையே வளைத்துப் போடப் பார்க்கிறான். அவனை அடக்க வேண்டிய பொறுப்பு ஆங் என்ற 12 வயதுப் பையன் தலையில். பேரன் பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே நானும் முழுசாகப் பார்த்துவிட்டேன். ‘ஆச்சி, சீக்கிரம் வாங்க, போட்டுட்டேன்’ என்று கூப்பிடுவான்.

நான் சொல்ல வந்தது மூன்றாம் சீசனின் ஒன்பதாவது பகுதி. 2007 நவம்பரில் வந்தது. சூரிய கிரகணத்தின்போது நெருப்பு நாட்டுக்காரர்களுக்கு எட்டு நிமிடம் சக்தி இருக்காது. அதற்குள் அரசனை மடக்கியாக வேண்டும். (நிஜத்தில் முழுச் சூரிய கிரகணம் அதிகபட்சமே ஏழரை நிமிடம்தான். கணக்கு டீச்சர் புத்தி, விடுங்கள்.) நாள் நெருங்க நெருங்கப் பையனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. கண்ணை மூடினால் கெட்ட கனவு. ஒரு கனவில் அரசன் முன்னால் சண்டைக்கு நிற்கிறான், குனிந்து பார்த்தால் கால்சட்டையைக் காணோம். இன்னொன்றில் அரசன் அவனுக்குக் கணக்குப் பரீட்சை வைக்கிறான். பையனுக்குப் பரீட்சை இருப்பதே மறந்துபோயிருக்கிறது. பேரன் உருண்டு உருண்டு சிரித்தான். நான் அவ்வளவு சிரிக்கவில்லை. எத்தனை பிள்ளைகளின் கனவில் நான் அப்படி வந்து நின்றிருப்பேனோ!

தூங்காதவன் என்ன செய்வான்? இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்கிறான். நண்பனை விடியும் முன்னே எழுப்பி, நீயும் மலையேறப் பழகு என்கிறான். கடைசியில் அவன் வளர்க்கும் பிராணிகள் இரண்டும் வாளெடுத்துச் சண்டை போடுவதுபோலத் தெரிகிற அளவுக்குத் தலை கிறுகிறுத்துப் போகிறது. கூட இருப்பவர்கள் சும்மா இல்லை. ஒருத்தி கை கால்களை வளைக்கும் பயிற்சி சொல்லித் தருகிறாள். ஒருவன் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு மனநல டாக்டர் மாதிரி கேள்வி கேட்கிறான். இன்னொருத்தி முள்ளால் முதுகில் குத்தி வைத்தியம் பார்க்கிறாள். ஒன்றும் எடுபடவில்லை. அப்புறம்தான் எல்லாரும் சேர்ந்து ஆட்டு ரோமத்தைக் குவித்து மெத்தென்று ஒரு படுக்கை போட்டு, நீ தயாராகத்தான் இருக்கிறாய், முதல் நாளிலிருந்து உன்னைப் பார்க்கிறவர்கள் நாங்கள் என்று சொல்லிப் படுக்க வைக்கிறார்கள். தூங்கிப் போகிறான். இந்தத் தடவை கனவில் கால்சட்டை இல்லாமல் நிற்பது அரசன்.

இதைப் பார்த்தா பிள்ளை கோழையாகும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாகத் தூங்கினான், அதனால் ஜெயித்தான் என்று கதை ஏமாற்றவில்லை. அந்தக் கிரகணச் சண்டையில் அவர்கள் தோற்றுத்தான் போகிறார்கள். அரசனுக்கு முன்பே தகவல் போய், அவன் பதுங்கிவிடுகிறான்.

வீரனுக்குப் பயம் வருவது நமக்குப் புதிதா என்ன? மகாபாரதத்தில் விராட நாட்டு இளவரசன் உத்தரகுமாரன் வாய்ச்சவடால் அடித்துக்கொண்டு கிளம்பி, கௌரவர் படையைப் பார்த்ததும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பேடி வேஷத்தில் இருந்த அர்ச்சுனன் துரத்திப் பிடித்து வந்து, சரி, சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தேரை ஓட்டு என்று ஒரு வேலையைக் கொடுக்கிறான். நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களான கொடைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மகுட மேளத்தின் அடி ஏறிக்கொண்டே போய், நடுச்சாமத்தில் சுடலைமாடன் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பும்போது, வழியில் உள்ள வீடுகளில் பெரியவர்களே கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதை யாரும் கோழைத்தனம் என்பதில்லை.

பிள்ளை பயந்துவிட்டால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? திருநீறு போடுவார்கள். திருநெல்வேலியில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையம் பக்கம் என்றால் அந்தி நேரம் பள்ளிவாசல் வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்க மாட்டார்கள். அதில் மந்திரம் எவ்வளவு என்ற விசாரணை எனக்கு வேண்டாம். முன்பின் தெரியாத நாலு பேர் அந்தப் பிள்ளையின் பயத்தை ஒரு பொருட்டாக மதித்திருக்கிறார்கள். அன்று ராத்திரி அது தூங்கும்.

இதே பிள்ளை பிளஸ் டூ வந்ததும் எல்லாம் தலைகீழ். பிளாஸ்கில் டீ போட்டு வைத்து மூன்று மணிக்கு எழுப்புகிறோம். துபாயிலிருந்து அப்பா போன் போட்டு, பயப்படாதே என்கிறார், அடுத்த மூச்சில் கட்ஆஃப் குறையக் கூடாது என்கிறார். தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: எல்லாக் கணக்கும் தெரிந்த பெண்ணுக்கு உள்ளங்கை வியர்த்து, கிராஃப் தாள் நனைந்து, பென்சில் கோடே ஏறாது. அழித்து அழித்துத் தாள் கிழியும். அந்தப் பெண் நாலு நாளாகத் தூங்கியிருக்க மாட்டாள். ஆங்கைப் போல இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று படித்துக்கொண்டே இருந்திருப்பாள். படித்தது போதும், படு என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

உங்கள் மாணவர் பக்கத்தில் ஜனவரியிலேயே மாதிரி வினாத்தாள் போட ஆரம்பித்துவிடுகிறீர்கள். நல்லது. இந்த வருஷம் அதற்குப் பக்கத்திலேயே, பரீட்சைக் காலத்தில் எவ்வளவு தூங்க வேண்டும் என்று ஒரு டாக்டரிடம் கேட்டு ஒரு பத்தி போடுங்கள். அரசின் 104 (மருத்துவ ஆலோசனை), 14416 (மனநல ஆலோசனை) ஆகிய இரண்டு உதவி எண்களையும் கண்ணில் படுகிற எழுத்தில் அச்சிடுங்கள். கட்டுரையாளருக்கு நேரம் இருந்தால் அந்த ஒன்பதாவது பகுதியை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
அம்பாசமுத்திரம்.